தகர மூடியில் எழுதிய ஆண்டு

ஈர மணலில் விரல் ஓடும்போது ஓசையே இருக்காது. மணல் மெலிந்துபோன இடத்தில் நகம் அடித் தகரத்தைத் தொட்டுவிட்டால் மட்டும் ஒரு கீறல் சத்தம் எழும். பற்கள் கூசும், பக்கத்தில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார். திரும்பிப் பார்ப்பார்களே என்ற பயத்தில் நான் விரலை மிக மெதுவாக, மணலின் மேல்தோலை மட்டும் தொட்டு நகர்த்தப் பழகியிருந்தேன். ஐந்தாம் வகுப்பில் நான் எழுதிய நல்ல எழுத்துகள் எல்லாம் அப்படி எழுதப்பட்டவைதான். ஒன்றுகூட மிஞ்சவில்லை.

அந்தத் தகரம் ஒரு பெரிய பிஸ்கட் டின்னின் மூடி. சாலை என்று பெயருள்ள எங்கள் கடைத்தெருவின் பேக்கரி எதிலிருந்தோ, மலையாளம் கற்பித்த லளிதா டீச்சர் வாங்கி வந்தது. அது எங்கள் வகுப்புக்கு வந்தது ஓண விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரத்தில் என்று உறுதியாகச் சொல்ல முடியும். ஓணப் பரீட்சையின் விடைத்தாள்களை அந்த வாரத்தில்தான் திருப்பித் தந்தார்கள்; மலையாளத் தாள் கையில் கிடைத்த மறுநாள் காலையில் மேசைமேல் மூடி இருந்தது. இப்படி ஒன்றை இன்னொன்றோடு சேர்த்து வைத்துக் காலத்தைக் கணிப்பது என் பழக்கம். எங்கள் கடைத்தெருவில் எந்தக் கட்டடம் எப்போது இடிபட்டது, எந்தக் கடை யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது என்றெல்லாம் பல வருடங்களாகக் குறித்து வருகிறேன். என்னைப் பற்றி மட்டும் இதுவரை குறித்ததில்லை. காரணம் வேறொன்றுமில்லை, வெட்கம்தான்.

எங்கள் அப்பா சாலையில் மிளகாய், மல்லி, பருப்பு மொத்த வியாபாரம் செய்தவர். திருநெல்வேலியிலிருந்து மலையாள நாட்டுக்கு வந்த குடும்பம். அம்மா நாகர்கோவிலுக்குப் பக்கம். நான்காம் வகுப்புவரை நான் படித்தது எங்கள் தெருவுக்கு அருகிலேயே இருந்த தமிழ் வழிப் பள்ளியில். வாய் நிறையப் பேசுவேன், கேட்ட கதையை ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொல்வேன். எழுதச் சொன்னால் மட்டும் எழுத்துகள் இடவலமாகத் திரும்பிக்கொள்ளும், வரிகள் சரிந்து ஒன்றின்மேல் ஒன்று விழும். இதற்கு இன்று ஒரு பெயர் சொல்கிறார்கள். என்னை யாரும் சோதித்துப் பார்த்ததில்லை என்பதால் அந்தப் பெயரை நானாக எடுத்து ஒட்டிக்கொள்ள விரும்பவில்லை. அப்போது அதற்கு இருந்த பெயர் "மந்தம்".

தமிழிலேயே இப்படி இருந்தவளை ஐந்தாம் வகுப்பில் மலையாள வழிப் பள்ளிக்கு மாற்றினார் அப்பா. இந்த ஊரில் இருந்து பிழைக்க வேண்டும், அலுவலகத்துக்குப் போனால் எழுதிக் கொடுக்கத் தெரிய வேண்டும் என்பது அவர் கணக்கு. அதில் தவறு இல்லை. ஓணப் பரீட்சையின் மதிப்பெண்ணைப் பார்த்த பிறகு அவர் இரண்டாவதாக ஒரு முடிவு சொன்னார். கிறிஸ்துமஸ் பரீட்சையிலும் மலையாளத்தில் தோற்றால் நாகர்கோவிலில் மாமா வீட்டில் தங்கித் தமிழில் படிக்க வேண்டியதுதான். பழைய பள்ளிக்கே போகிறேனே என்றேன். அதே தெருவில் திரும்பிப் போய் நிற்பது "நாணக்கேடு" என்று சொல்லிவிட்டார். மாமா வீட்டில் எனக்குக் குறையொன்றும் இருக்காது. ஆனால் அம்மா இருக்க மாட்டாள். அன்றிரவு அம்மா எனக்குப் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டது நினைவிருக்கிறது.

லளிதா டீச்சர், எழுத்து வராத எங்கள் ஐந்து பேரையும் ஜன்னலோரம் ஒரு மேசையைச் சுற்றி உட்கார வைத்தார். மற்றவர்கள் அதை "மணல் பெஞ்சு" என்றார்கள். எனக்கு இடப்பக்கம் ஸ்டெல்லா. விழிஞ்ஞத்துக்காரி, பெரியம்மா வீட்டில் தங்கிப் படித்தவள். அவளுடைய கடற்கரை மலையாளத்தைக் கேட்டும் வகுப்பு சிரிக்கும் என்பதால் எங்களுக்குள் ஒரு சமாதானம் இருந்தது. டீச்சர் மணலில் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, மூடியை லேசாகத் தட்டி மட்டமாக்கி, ஒரு எழுத்தைத் தன் விரலால் எழுதிக் காட்டுவார். நாங்கள் அதன் மேலேயே விரலை ஓட்ட வேண்டும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு எழுத வேண்டும். "தெற்றியால் மாய்ச்சோ" என்பார். தப்பானால் அழித்துவிடு என்று அர்த்தம். அழிப்பதற்கு உள்ளங்கை போதும். நோட்டில் என் தவறுகள் சிவப்பு மையோடு வருஷம் முழுக்கக் கிடந்தன. மணலில் அவை ஒரு தடவலில் இல்லாமல் போயின.

இன்னொரு விளையாட்டும் வைத்திருந்தார். ஒரு துணிச் "சஞ்சி"க்குள் சாவி, சீப்பு, சங்கு, வற்றல் மிளகாய் என்று ஏதேதோ போட்டிருப்பார். கையை விட்டு ஒன்றை எடுத்து, அதைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் சொல்வதிலிருந்து ஒரு வாக்கியத்தை டீச்சர் கரும்பலகையில் எழுதுவார். பிறகு அதே வாக்கியத்தைத் தாளில் எழுதிச் சொல் சொல்லாகக் கத்தரித்துக் கலைத்துப் போடுவார். நாங்கள் அடுக்க வேண்டும். முதல் நாள் என் கையில் வந்தது வற்றல் மிளகாய். சாலைக்காரியிடம் மிளகாயைக் கொடுத்தால் விடுவேனா? காரம் அதிகமுள்ள சாக்கை எப்படிக் கண்டுபிடிப்பார்கள், அதைப் பிரிக்கும்போது தெருவே எப்படித் தும்மும், அப்பா எந்த விரலால் காம்பைக் கிள்ளுவார் என்று பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகச் சொல்லிக்கொண்டே போனேன். முன்பெஞ்சு ஷீபாகூட வாயைத் திறந்துகொண்டு கேட்டாள். டீச்சர் அதிலிருந்து ஒரு வரியை எழுதிவிட்டு, நீ சொன்னதுதான், வாசி என்றார். நான் நின்றேன். நானே சொன்ன வாக்கியம், இன்னும் என் வாயின் சூடு ஆறாதது, அங்கே பலகையில் யாரோ எவரோ போல இருந்தது. அது முடியும் இடம் எது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. ஷீபா மெல்ல, எல்லோருக்கும் கேட்கும்படி, அதை வாசித்தாள்.

இருந்தாலும் மணல் பலன் தந்தது. பூஜை விடுமுறைக்கு முன்பே மலையாள உயிரெழுத்துகள் என் விரலுக்கு வந்துவிட்டன. கண்ணுக்கு வரவில்லை, விரலுக்குத்தான்.

இதற்கிடையில் அம்மா என் நகக்கண்ணில் மணலைப் பார்த்தாள். பள்ளியில் என்ன செய்கிறாய் என்று கேட்டாள். டீச்சர் எங்களைத் தனியாக உட்கார வைத்து மணலில் விரலால் எழுத வைக்கிறார் என்றேன். நான் சொன்னது அவ்வளவுதான். அம்மா கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மாவுக்கு அது என்னவாகக் கேட்டது என்பதைப் புரிந்துகொள்ள எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். இங்கே "எழுத்தினிருத்து" என்று ஒன்று உண்டு. விஜயதசமி அன்று மூன்று வயதுக் குழந்தையைக் கோயிலில் ஓர் ஆசான் மடியில் உட்கார வைத்து, அதன் விரலைப் பிடித்துத் தாம்பாளத்து அரிசியில் முதல் எழுத்தை எழுத வைப்பார். எனக்கும் அது நடந்திருக்கிறது. ஆனால் அன்று நான் வீரிட்டு அழுது, பாதி எழுத்தில் கையை உருவிக்கொண்டு இறங்கி ஓடிவிட்டேனாம்.

"அன்னைக்கே எனக்குத் தெரியும் மக்ளே," என்றாள் அம்மா. "எழுத்து பாதியில நின்னு போச்சு. அதான் கையில நிக்க மாட்டேங்கு. அது டீச்சருக்கு எப்பிடித் தெரிஞ்சுதுன்னுதான் எனக்கு வெளங்கல்ல."

டீச்சர் என் குறையைக் கண்டுபிடித்து, எழுத்தினிருத்தை மறுபடி நடத்துகிறார் என்றே அம்மா நம்பினாள். ஆனால் நாள் பார்க்காமல், விளக்கு வைக்காமல், பிஸ்கட் மூடியில் நடத்துவது அவளுக்குச் சரியாகப் படவில்லை. எடுத்த காரியத்தை முறைப்படி முடித்துக் கொடுத்தால் டீச்சருக்கும் ஒத்தாசையாக இருக்கும் என்று தீர்மானித்துவிட்டாள். நான் அழுது பார்த்தேன். அப்பாவிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, தடுக்கவும் இல்லை. "பரீட்சையில மணல்ல எழுத விடுவாவளான்னு உங்க டீச்சர்ட்ட கேளு," என்று மட்டும் சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார்.

அந்த விஜயதசமிக்குப் பிறகு பள்ளிக்குப் போகும் முன் எனக்கு இரண்டு நாள் அவகாசம் கிடைத்ததாகவே இத்தனை காலமும் நம்பியிருந்தேன். இந்தக் கட்டுரைக்காகப் பழைய பஞ்சாங்கத்தைத் தேடிப் புரட்டினேன். அவகாசமே இல்லை, மறுநாளே பள்ளி. நடந்ததைச் செரிக்க எனக்கு நாட்கள் வேண்டியிருந்ததால் நினைவு தானாகவே இரண்டு நாளைச் சேர்த்துக்கொண்டது போலிருக்கிறது.

வலியசாலைப் பக்கத்துக் கோயில் ஒன்றின் மண்டபத்தில் பாய் விரித்திருந்தார்கள். அப்பன்மார் தோளில் மூன்று வயதுப் பிள்ளைகள். புது உடுப்பு, சந்தனம், அழுகை. பெரியவர்கள் எழுதுவதற்கென்று மண்டபத்துக்கு வெளியே மணல் பரப்பியிருந்தது. வருகிறவர்கள் குனிந்து தாமாகவே இரண்டு எழுத்து கீறிவிட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போவார்கள். நான் அங்கே போய் எழுதிக்கொள்கிறேன் என்று கெஞ்சினேன். அம்மா என் கையை விடவில்லை. பாவாடை கணுக்காலுக்கு மேல் ஏறிவிட்ட உயரத்தில் அந்தக் குழந்தைகள் வரிசையில் நான் நின்றேன்.

எங்கள் முறை வந்தது. ஆசான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார், என் பின்னால் தேடினார். "அனியன் எவிடே மோளே?" என்று கேட்டார். தம்பியை அழைத்து வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

"தம்பி இல்ல. இவளுக்குத்தான்," என்றாள் அம்மா.

வரிசையில் சிரிப்பு ஓடியது. கெட்ட சிரிப்பல்ல, திருவிழாச் சிரிப்புதான். ஆனாலும் காது இரண்டும் எரிந்தன. அப்போதுதான், எங்களுக்குப் பின்னால் தன் குட்டித் தம்பியின் விரலைப் பிடித்துக்கொண்டு ஷீபா நிற்பதைப் பார்த்தேன். நான் உட்காரவில்லை. ஆசான் கையை நீட்டிக்கொண்டிருந்தார், அம்மா தோளை அழுத்தினாள், என் முழங்கால்கள் மடங்கவில்லை.

அம்மா புடவையை ஒதுக்கிக்கொண்டு தானே பாயில் உட்கார்ந்தாள். வலது கையை நீட்டினாள்.

"மொதல்ல எனக்கு எழுதிக் குடுங்க. அதப் பாத்து அவ எழுதுவா."

ஆசான் தாம்பாளத்தை அவள் பக்கம் நகர்த்தினார். பிறகு, தமிழா மலையாளமா என்று கேட்டார்.

"மலையாளந்தான். எனக்கும் தெரியாதாக்கும்," என்றாள் அம்மா. "தெரிஞ்சா நான் வீட்ல வச்சே இவளுக்குச் சொல்லிக் குடுப்பேன். இவள எங்கயும் அனுப்பாண்டாம்."

மிளகாய்க் கடைக்காரர் மனைவியின் விரலை அந்த மனிதர் பிடித்து அரிசியில் இழுத்தார். அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு, தலையைச் சாய்த்து, தன் விரல் போகும் இடத்தையே பார்த்தாள். அவளைச் சுற்றிலும் மூக்கொழுகும் குழந்தைகள். அவள் செய்தது எனக்காக என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். தெரிந்தும், மண்டபத்துத் தூணுக்குப் பின்னால் மறைந்துகொள்ள வேண்டும் போலத்தான் இருந்தது. எனக்காக வெட்கப்பட்டது போதாதென்று அவளுக்காகவும் வெட்கப்பட்டேன். அவள் எழுந்ததும் நான் உட்கார்ந்தேன். அரிசியில் அந்த எழுத்து என் விரலுக்கு உடனே வந்தது. டீச்சர் ஏற்கெனவே பழக்கியிருந்தாரே. அம்மாவின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. எழுத்தினிருத்து பலித்துவிட்டது என்று நினைத்தாள்.

மறுநாள் நான் வகுப்புக்குள் நுழைந்தபோது செய்தி எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தது. "அம்மையும் மோளும் ஒரே கிளாஸ்," என்றது ஒரு பெஞ்சு. அம்மைக்கு எப்போது பரீட்சை என்று கேட்டது இன்னொன்று. லளிதா டீச்சர் காதிலும் விழுந்தது. இடைவேளையில் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், அம்மா டீச்சரைப் பற்றி வியந்து சொன்னது உட்பட. அவர் சிரிக்கப் போகிறார் என்று தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சிரிக்கவில்லை. அவர் முகம் சிவந்து, கழுத்துவரை சிவப்பு இறங்கியது. ஒரு குடும்பத்தையே தான் சபையில் நிறுத்தி வைத்துவிட்டதாக அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். அடுத்த நாள் மேசைமேல் தகர மூடி இல்லை. எங்கள் ஐவரையும் பிரித்து மற்றவர்களோடு உட்கார வைத்தார். எங்கள் கௌரவத்தைக் காப்பாற்றுவதற்காகத்தான். பலகையைப் பார்த்து எல்லோரையும் போல நோட்டில் எழுதினோம். சிவப்பு மை திரும்பி வந்தது.

வீட்டில் அம்மாவுக்கு இது தெரியாது. விஜயதசமியிலிருந்து தினமும் சாயங்காலம் ஒரு தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பிக்கொண்டு, அன்று பள்ளியில் மணலில் என்ன எழுதினேனோ அதை எழுதிக் காட்டச் சொல்வாள். நான் எழுதியதன்மேல் அவளும் விரலை ஓட்டுவாள். மூடி மறைந்த பிறகு என்னிடம் புதிய எழுத்து இல்லை. இனி மணல் கிடையாது என்று சொன்னேன். ஏன் என்றாள். தெரியாது என்றேன்.

"அப்போ நாளைக்கு நான் வந்து டீச்சர்ட்ட கேக்கட்டா?"

சாதாரணமாகத்தான் கேட்டாள். அம்மா தன் நாகர்கோவில் தமிழோடு வகுப்பு வாசலில் வந்து நிற்பதும், மணல் ஏன் இல்லை என்று எல்லோர் முன்னாலும் கேட்பதும், ஷீபா அதைக் கேட்டுக்கொண்டிருப்பதும் கண்முன் வந்தன. வேண்டாம், நானே கேட்கிறேன் என்றேன். அதை யாராவது துணிச்சல் என்று எடுத்துக்கொண்டால் தவறு. சின்ன வெட்கத்தையும் பெரிய வெட்கத்தையும் எடைபோட்டுச் சின்னதை எடுத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

மறுநாள் மலையாள வகுப்பில், டீச்சர் பலகைப் பக்கம் திரும்புவதற்கு முன்னால் எழுந்து நின்றேன்.

"டீச்சர், எனக்கு மணல் வேணும்."

தமிழில் வந்துவிட்டது. வகுப்பு வாய்விட்டுச் சிரித்தது. சிரிப்பு அடங்கப் போகும் நேரத்தில் பின்பெஞ்சிலிருந்து ஸ்டெல்லா எழுந்தாள். "எனிக்கும் வேணம்," என்றாள். அவளுக்கும் ஒரு சிரிப்பு கிடைத்தது. டீச்சர் வெளியே போய், ஆபீஸ் அலமாரியிலிருந்து தகர மூடியைத் தூக்கிக்கொண்டு வந்தார். மணல் காய்ந்து கிடந்தது. என்னைத்தான் தண்ணீர் தெளிக்கச் சொன்னார்.

கிறிஸ்துமஸ் பரீட்சையில் கடினமான சொல் வரும்போதெல்லாம் முதலில் பெஞ்சு மரத்தில் விரலால் எழுதிப் பார்த்தேன், பிறகு தாளில் எழுதினேன். மேற்பார்வைக்கு வந்தவர் சந்தேகப்பட்டு இரண்டு முறை பெஞ்சைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனார். விளிம்பில்தான் தேறினேன். மதிப்பெண் அட்டையை அப்பா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "மச்சான்ட்ட பிள்ளை வரல்லன்னு சொல்லிரு," என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, மல்லி சாக்கின் விலையைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அம்மா உள்ளே போய்விட்டாள். அடுப்படியில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது, அவள் வெகுநேரம் வெளியே வரவில்லை.

உறவினர் கல்யாணங்களில் இந்தக் கதையை இப்போதும் யாராவது எடுப்பார்கள். பத்து வயதுக் குமரி ஆசான் மடிக்குப் போன கதை என்று தொடங்குவார்கள். இத்தனை படித்துவிட்டாய், பெருமையாகச் சொல்லேன் என்பார்கள். எனக்குப் பெருமை வருவதில்லை, காதுதான் சூடாகிறது. கூட்டங்களில் பலகையில் எழுதச் சொன்னால் இன்றும் பக்கத்திலிருப்பவரிடம் சாக்பீஸைக் கொடுத்துவிடுவேன்.

லளிதா டீச்சர் இப்போது இல்லை. அந்தப் பள்ளியில் எங்கள் வகுப்பு இருந்த ஓட்டுக் கட்டடத்தை இடித்துவிட்டு மாடி கட்டியிருக்கிறார்கள். சுவரில் பெரிய திரை. ஸ்டெல்லாவின் பெரியம்மா வீடு இருந்த சந்து, ரோட்டை அகலப்படுத்தியபோது போய்விட்டது. அப்பா போய், கடையும் கைமாறிவிட்டது.

அம்மா இருக்கிறாள். நான் ஆறாம் வகுப்புக்குப் போனதும் "இனி மதி", போதும் என்று அரிசியைப் பானைக்குள் கொட்டிவிட்டாள். அதுவரை சேர்த்த மலையாள எழுத்துகளை அவள் புத்தகம் வாசிக்கப் பயன்படுத்தவில்லை. பஸ் போர்டு வாசிக்கப் பயன்படுத்தினாள். கிழக்கேக்கோட்டையில் நின்று, வருகிற ஒவ்வொரு பஸ்ஸின் நெற்றிப் பலகையையும் உதடசைய, ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி வாசிப்பாள். பஸ் நின்று ஆள் ஏறி முடிப்பதற்குள் வாசித்துவிடுவாள். யாரிடமும் கேட்காமல் ஏறி உட்கார்ந்து ஊரெல்லாம் போய்வந்தாள்.

இப்போது பல பஸ்களில் பெயின்ட் பலகை இல்லை. சிவப்பு வெளிச்சத்தில் எழுத்துகள் ஒரு பக்கம் பிறந்து மறுபக்கம் ஓடி மறைகின்றன. போன மாதம் கரமனைக்கு ஒரு சாவு வீட்டுக்குப் போக இருவரும் கிழக்கேக்கோட்டையில் நின்றோம். பஸ் வந்தது. அம்மாவின் உதடு முதல் எழுத்தைப் பிடித்தது, இரண்டாவதுக்கு வருவதற்குள் அது போய்விட்டது. மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். கண்டக்டர் பெல் அடித்தார்.

"கூட்டமா இருக்கு மக்ளே," என்றாள், என்னைப் பார்க்காமல். "அடுத்ததுல போவம்."

ஜன்னலோரம் முழுக்க ஆளில்லா சீட்டுகளோடு அந்த பஸ் எங்களைக் கடந்து போனது. ஆமாம்மா, ரொம்பக் கூட்டம் என்றேன்.